போன வாரம் அடித்தவர் அடுத்த வாரமும் அடிப்பாரா? ஃபேன்டஸி பேஸ்பாலில் ஃபார்மை எடைபோடுவது எப்படி

ஃபேன்டஸி பேஸ்பால் ஆப் எதைத் திறந்தாலும் வீரர் பெயருக்குப் பக்கத்தில் கடந்த 7 நாள், 15 நாள், 30 நாள் என்று கணக்குக் காட்டும். பெரும்பாலான மேனேஜர்கள் முதலில் தட்டுவது 7 நாள் பட்டியலைத்தான். அதில் உச்சியில் இருப்பவரை அவசரமாக எடுப்பார்கள். தங்கள் அணியில் அடியில் கிடப்பவரைக் கழற்றிவிடுவார்கள். "செம ஃபார்மில் இருக்கிறார்", "ஃபார்ம் போயிடுச்சு" என்ற இரண்டு வாக்கியத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

அந்த ஏழு நாள் எண்ணில் பெரும்பகுதி தற்செயல். வீரரின் திறமையைப் பற்றி அதில் இருக்கும் தகவல் கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சம் உண்மையிலேயே இருக்கிறது, அதைப் பிரித்தெடுக்கவும் முடியும். எப்படி என்று அடியிலிருந்து பார்ப்போம்.

முதலில் ஆட்டக் கணக்கு

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் 30 அணிகள். மார்ச் கடைசியில் தொடங்கி செப்டம்பர் கடைசி வரை ஒவ்வொரு அணியும் 162 ஆட்டம் ஆடும். ஃபேன்டஸி லீக்கில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து, இந்த நிஜ வீரர்களைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டு, ஆளுக்கொரு கற்பனை அணியை நடத்துவார்கள். வீரர் நிஜ ஆட்டத்தில் எடுப்பதெல்லாம் அவரை வைத்திருக்கும் மேனேஜரின் கணக்கில் ஏறும். 1980-இல் டேனியல் ஓக்ரென்ட்டும் நண்பர்களும் தொடங்கிய லீக்கிலிருந்துதான் இன்றைய வடிவம் வந்தது. அவர்கள் கூடிச் சாப்பிட்ட நியூயார்க் உணவகத்தின் பெயரை ஒட்டி 'ரோடிசரி லீக்' என்ற பெயர் இன்றும் நிற்கிறது.

இனி பேட்டிங் சராசரி. பேட்டர் பந்தை அடித்துவிட்டு அவுட் ஆகாமல் பேஸை (ஓடிச் சேர வேண்டிய இடத்தை) அடைந்தால் அது ஒரு ஹிட். அடிக்கக் கிடைத்த வாய்ப்புகளில் எத்தனை ஹிட் என்பதே சராசரி. 100 வாய்ப்பில் 30 ஹிட் என்றால் .300 என்று எழுதுவார்கள். கிரிக்கெட் சராசரியைப் போல இதில் ரன் கணக்கு கிடையாது, வெறும் விகிதம்தான். .300 எடுப்பவர் நட்சத்திரம். 2024-இல் லீக் முழுவதற்குமான சராசரி .243. அதாவது மிகச் சிறந்தவர்களே பத்துக்கு ஏழு முறை வெறுங்கையோடு திரும்புகிறார்கள். கெட்டிக்காரருக்கும் சுமாரானவருக்கும் உள்ள வித்தியாசமே 100 வாய்ப்பில் ஐந்தாறு ஹிட்தான். இது மனதில் ஏறாவிட்டால் மற்ற எதுவும் விளங்காது.

ஒரு வாரம் எவ்வளவு சின்னது

தினமும் ஆடும் பேட்டருக்கு வாரத்தில் ஏறக்குறைய 25 வாய்ப்பு கிடைக்கும். உண்மைத் திறமை .270 என்றிருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 25 வாய்ப்பில் அவர் 7 ஹிட் எடுத்தால் .280. இரண்டு ஹிட் கூடினால் .360. இரண்டு குறைந்தால் .200. இரண்டாமவரை "கொழுந்துவிட்டு எரிகிறார்" என்போம், மூன்றாமவரைத் தூக்கி எறிவோம். மூன்று பேரும் ஒரே ஆள், ஒரே திறமை. வித்தியாசம் நான்கு பந்து. ஒன்று ஃபீல்டரின் கையுறை நுனியில் பட்டு நழுவியிருக்கும். இன்னொன்று நேராக ஃபீல்டர் கையிலேயே போய் விழுந்திருக்கும்.

தாயம் ஆடும்போது ஒருவருக்கு அடுத்தடுத்து மூன்று முறை தாயம் விழுந்தால், கைராசி என்போம். அடுத்த ஆட்டத்தையும் அவரையே தொடங்கச் சொல்வோம். ஆனால் கட்டைக்கு எதுவும் நினைவில்லை. நான்காவது முறை உருட்டும்போதும் தாயம் விழும் வாய்ப்பு முதல் முறை இருந்த அளவேதான். பேட்டர் கட்டை இல்லைதான், அவருக்கு உடம்பும் மனசும் உண்டு. இருந்தாலும் 25 வாய்ப்பு என்ற அளவில் அவர் எண்கள் கட்டையைப் போலத்தான் குதிக்கின்றன.

கணக்குப் போட்டே காட்டலாம். 30 அணி, அணிக்கு 9 பேட்டர், மொத்தம் 270 பேர். எல்லோரும் அச்சு அசலாக .250 திறமை உள்ளவர்கள் என்று வைத்துக்கொள்வோம். யாருக்கும் ஃபார்ம் என்ற ஒன்றே கிடையாது. 25 வாய்ப்பில் ஒருவர் 10 ஹிட்டோ அதற்கு மேலோ எடுக்கும் சாத்தியம் சுமார் 7 சதவீதம். ஆக, வாராவாரம் 19 பேர் .400 அல்லது அதற்கு மேல் அடித்து நிற்பார்கள். இன்னொரு பக்கம் 26 பேர் மூன்று ஹிட்டுக்கு மேல் எடுக்காமல் .120-இலோ அதற்குக் கீழோ கிடப்பார்கள். எல்லோரும் ஒரே திறமை உள்ளவர்களாக இருந்தாலும் ஆப்பில் இப்படியொரு 'சூடான வீரர்கள்' பட்டியல் வாராவாரம் வந்துகொண்டே இருக்கும். நிஜப் பட்டியலும் அப்படித்தான் இருக்கிறது.

இதுவரை பார்த்தது: ஒரு வாரத்து சராசரி நாலைந்து பந்தில் தலைகீழாக மாறும். பட்டியலின் உச்சியில் யாராவது இருந்தே தீருவார்கள், அவர் திறமையில் ஏதோ மாறிவிட்டது என்பதற்கு அது மட்டும் சாட்சி ஆகாது.

இரண்டு ஏப்ரல்கள்

2006-இல் டெட்ராய்ட் டைகர்ஸ் அணியின் கிறிஸ் ஷெல்டன் முதல் 13 ஆட்டத்தில் 9 ஹோம் ரன் (பந்து வேலியைத் தாண்டிப் போகும் அடி) அடித்தார். ஏப்ரல் முடிவில் 10. அந்த மாதம் அவரை வைத்திருந்த மேனேஜர்கள் லாட்டரி அடித்ததாகவே நினைத்திருப்பார்கள். அந்த சீசன் முழுவதும் சேர்த்து அவர் அடித்தது 16. ஜூலை முடிவதற்குள் அவரைக் கீழ்நிலை அணிக்கு அனுப்பிவிட்டார்கள்.

இன்னொன்று ஆரன் ஜட்ஜ். 2024 ஏப்ரலில் அவர் சராசரி .200-ஐ ஒட்டியே ஊர்ந்தது. நியூயார்க்கில் சொந்த ரசிகர்களே அவரைப் பார்த்துக் கூச்சல் போட்டார்கள். சீசன் முடிவில் .322, 58 ஹோம் ரன், அவர் அடித்ததால் அணிக்கு வந்த ரன் 144. மேஜர் லீக்கின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதும் அவருக்கே. அதே ஆண்டு மெட்ஸ் அணியின் பிரான்சிஸ்கோ லிண்டோரும் மே நடுப்பகுதி வரை தடுமாறினார். கடைசியில் 33 ஹோம் ரன், 29 ஸ்டீல் (பந்து அடிபடாமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது) எடுத்து, இன்னொரு பிரிவான நேஷனல் லீக்கின் விருது வாக்கெடுப்பில் இரண்டாவதாக வந்தார். ஏப்ரலில் இவர்களைக் குறைந்த விலைக்கு மாற்றிக் கொடுத்தவர்கள் பேஸ்பால் தெரியாதவர்கள் இல்லை. ஒரு மாதத்து எண்ணை, பல ஆண்டு எண்ணைவிடப் பெரிதாக நினைத்தார்கள், அவ்வளவுதான்.

சராசரிக்குத் திரும்புதல்: அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது

பிரான்சிஸ் கால்டன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் 1880-களில் பெற்றோர், பிள்ளைகளின் உயரங்களை அளந்து பார்த்தார். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் உயரமாகவே இருந்தார்கள், ஆனால் பெற்றோர் அளவுக்கு இல்லை. மிகக் குள்ளமானவர்களுக்கு இதே விஷயம் எதிர்த்திசையில் நடந்தது. ஒரு அளவீடு உச்சத்தில் இருக்கும்போது, அதில் உண்மையான காரணத்தோடு கொஞ்சம் தற்செயலும் சேர்ந்தே இருக்கிறது. அடுத்த அளவீட்டில் அந்தத் தற்செயல் அப்படியே திரும்ப வராது. இதற்குத்தான் சராசரிக்குத் திரும்புதல் என்று பெயர்.

பேஸ்பால் பேசுபவர்கள் எல்லோரும் இந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார்கள், பாதிப் பேர் தப்பாகப் பயன்படுத்துகிறார்கள். "இவ்வளவு அடித்துவிட்டார், இனிமேல் விழுந்தாக வேண்டும்" என்பது அந்தத் தப்பு. "இத்தனை நாள் அடிக்கவில்லை, இனிமேல் அடித்துத்தான் ஆக வேண்டும்" என்பதும் அதே தப்புதான். தற்செயல் யாருக்கும் கடன் வைப்பதில்லை.

எண்ணில் பார்த்தால் தெளிவாகும். .270 திறமை உள்ள ஒருவர் முதல் 100 வாய்ப்பில் .400 அடித்துவிட்டார். கையில் 40 ஹிட். மீதமுள்ள 400 வாய்ப்பில் அவரிடம் எதிர்பார்க்க வேண்டியது அதே .270, அதாவது 108 ஹிட். மொத்தம் 500-க்கு 148, சீசன் சராசரி .296. அவர் .270-இல் முடிப்பார் என்று சொல்பவர், மீதி நாள் முழுக்க அவர் .238 அடிப்பார் என்று தன்னை அறியாமலே சொல்கிறார். அதற்கு எந்தக் காரணமும் இல்லை.

ஃபேன்டஸி மேனேஜருக்கு இதில் இன்னொரு முக்கியமான விஷயம் இருக்கிறது. அந்த 40 ஹிட்டும் அப்போது அவரை வைத்திருந்தவர் கணக்கில் ஏறி முடிந்துவிட்டது. இப்போது அவரை வாங்குபவருக்குக் கிடைக்கப்போவது அந்த 108 மட்டும்தான். வாங்கும்போது கடந்த மாதத்துக்கு விலை கொடுக்கிறோம், கிடைப்பது வரும் மாதங்கள். ஷெல்டனை ஏப்ரல் முடிவில் பெரிய விலை கொடுத்து வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இதை வைத்துப் பாருங்கள்.

எந்த எண்ணை எவ்வளவு சீக்கிரம் நம்பலாம்

சரி, அப்படியானால் சமீபத்திய ஆட்டத்தைப் பார்க்கவே கூடாதா? பார்க்கலாம், பார்க்க வேண்டும். எந்த எண்ணைப் பார்க்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சில எண்கள் சீக்கிரம் நிலைக்கு வரும், சில வருடக்கணக்கில் ஆடிக்கொண்டே இருக்கும். ரசல் கார்ல்டன் என்ற பேஸ்பால் ஆய்வாளர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்துக் கணக்கிட்டார். ஒரு பேட்டரின் எண்ணில் பாதி திறமை, பாதி தற்செயல் என்று சொல்லக்கூடிய புள்ளி எங்கே வருகிறது என்பதுதான் அவர் கேள்வி. ஸ்ட்ரைக் அவுட் விகிதத்துக்கு, அதாவது பந்தை மைதானத்துக்குள் அடிக்காமலே அவுட் ஆகும் விகிதத்துக்கு, பேட்டர் 60 முறை ஆட வந்தால் போதும். அது பதினைந்து ஆட்டம்தான். வாக் விகிதத்துக்கு 120 முறை (மோசமாக எறியப்பட்ட நான்கு பந்தை அடிக்காமல் விட்டு, சும்மாவே முதல் பேஸுக்குப் போவது வாக்). ஹோம் ரன் விகிதத்துக்கு 170 முறை. பேட்டிங் சராசரிக்கு? 910 வாய்ப்பு. முழுதாக ஒரு சீசன் ஆடினாலும் அத்தனை வாய்ப்பு வராது.

நாம் எல்லோரும் முதலில் பார்க்கும் எண்தான் இவை எல்லாவற்றையும்விட மெதுவாகத் தெளிகிறது. இதை எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

புதுமுகம் ஒருவர் 91 வாய்ப்பில் .400 அடித்துவிட்டார் என்று வைப்போம். அவரைப் பற்றி வேறு எதுவுமே தெரியாது. கார்ல்டனின் 910 என்ற அளவை வைத்துப் பார்த்தால், அந்த .400-க்குக் கொடுக்க வேண்டிய மதிப்பு பதினொன்றில் ஒரு பங்கு. மீதிப் பத்துப் பங்கு லீக் சராசரிக்கு. கணக்குப் போட்டால் அவரிடம் எதிர்பார்க்கக்கூடியது .260-ஐ ஒட்டித்தான் வரும். அதே ஆள் அந்த 91 வாய்ப்பில் முன்பைவிடப் பாதி ஸ்ட்ரைக் அவுட்தான் ஆகியிருக்கிறார் என்றால், அதை உடனே கவனிக்க வேண்டும். அது தற்செயலாக நடப்பது கஷ்டம்.

விழும் பந்தும் பிடிபடும் பந்தும்

ஸ்ட்ரைக் அவுட்டையும் ஹோம் ரன்னையும் தள்ளிவிட்டால், மீதி எல்லாம் மைதானத்துக்குள் ஃபீல்டர்களுக்கு மத்தியில் போகும் பந்துகள். அப்படிப் போன பந்துகளில் எத்தனை ஹிட் ஆயின என்ற விகிதத்துக்குப் பேபிப் என்று பெயர். லீக் முழுவதும் பார்த்தால் அது .290-க்கும் .300-க்கும் இடையில் நிற்கும்.

இரண்டு பேர் தலா 100 வாய்ப்பில் 30 ஹிட், இரண்டு பேரும் .300. ஆப்பில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. முதலாமவர் 20 ஸ்ட்ரைக் அவுட், 5 ஹோம் ரன். அவர் மைதானத்துக்குள் அடித்தது 75 பந்து, அதில் 25 ஹிட், பேபிப் .333. இரண்டாமவர் 35 ஸ்ட்ரைக் அவுட், 3 ஹோம் ரன். மைதானத்துக்குள் 62 பந்து, 27 ஹிட், பேபிப் .435. அந்த .435-ஐ யாராலும் தொடர்ந்து தாங்க முடியாது. இருவருக்கும் பேபிப் .300-க்கு வந்தால், முதலாமவர் .275 அடிப்பார், இரண்டாமவர் .216-க்குச் சரிந்துவிடுவார். ஒரே எண்ணுக்குப் பின்னால் இருந்தவர்கள் வேறு வேறு ஆட்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் .300 என்று கண்ணை மூடிக்கொண்டு பொருத்தக் கூடாது. வேகமாக ஓடுபவர்கள் மெதுவான உருட்டலையும் ஹிட் ஆக்கிவிடுவார்கள். இச்சிரோ சுசூகியின் மேஜர் லீக் வாழ்நாள் பேபிப் .338. ஆகவே ஒருவரின் இப்போதைய பேபிப்பை அவருடைய பழைய ஆண்டுகளோடு ஒப்பிடுவதே நியாயம். ஃபேன்கிராஃப்ஸ் தளத்தில் எந்த வீரர் பக்கத்தைத் திறந்தாலும் இது ஆண்டுவாரியாகக் கிடைக்கும்.

2015 முதல் இன்னொரு வசதியும் வந்துவிட்டது. எல்லா மேஜர் லீக் மைதானத்திலும் ஸ்டாட்காஸ்ட் என்ற கருவி அமைப்பு ஒவ்வொரு பந்தையும் அளக்கிறது. பேட்டை விட்டுப் பந்து கிளம்பும் வேகம் எக்ஸிட் வெலாசிட்டி. மணிக்கு 95 மைலை எட்டினால் அது பலமான அடி என்று கணக்கு. பந்து எந்தக் கோணத்தில் எழும்பியது என்பதும் பதிவாகிறது. அந்த வேகத்திலும் கோணத்திலும் முன்பு அடிக்கப்பட்ட பந்துகளில் எத்தனை ஹிட் ஆயின என்று பார்த்து, இவருக்கு எவ்வளவு சராசரி வந்திருக்க வேண்டும் என்று பேஸ்பால் சாவன்ட் தளம் இலவசமாகவே காட்டுகிறது. அதை எதிர்பார்ப்புச் சராசரி என்று சொல்லலாம். நிஜச் சராசரி .190, எதிர்பார்ப்புச் சராசரி .270 என்றிருந்தால், அவர் நன்றாக அடிக்கிறார், பந்து ஃபீல்டர் கையில் போய் விழுகிறது என்று அர்த்தம். அவரை வைத்துக்கொள்ளலாம். வேறு மேனேஜர் கழற்றிவிட்டால் உடனே எடுக்கவும் செய்யலாம்.

இதில் எனக்குப் பிடித்த எண், ஒருவர் அடித்த அதிகபட்ச வேகம். 115 மைல் வேகத்தில் ஒரு பந்தை யாரும் தற்செயலாக அடித்துவிட முடியாது. ஒரே ஒரு அடி போதும், அந்த உடம்பில் அந்த பலம் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

சுருக்கமாக: ஹிட் விழுந்ததா என்பதைவிட, பந்தைத் தொட்டாரா, எவ்வளவு பலமாகத் தொட்டார் என்பது சீக்கிரம் நம்பத்தகுந்த தகவலாகிறது.

பிட்சர்களுக்கு வேறு கண்

பிட்சரை, அதாவது பந்தை எறிபவரை, மதிப்பிட எல்லோரும் பார்ப்பது இ.ஆர்.ஏ., அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு (ஒரு முழு ஆட்டத்தின் அளவு) அவர் கொடுத்த ரன். ஃபீல்டர் தவறால் வந்த ரன் இதில் சேராது. ஐந்து ஆட்டத்தில் தலா 6 இன்னிங்ஸ், 2 ரன் கொடுத்தவருக்கு இ.ஆர்.ஏ. 3.00. ஆறாவது ஆட்டத்தில் 2 இன்னிங்ஸில் 8 ரன் போனால் அது 5.06-க்குத் தாவிவிடும். ஒரே ஒரு மோசமான மாலை. அடுத்த நாள் காலையில் அவரைக் கழற்றிவிடும் மேனேஜர்கள் ஏராளம்.

2001-இல் வோரோஸ் மெக்ராக்கன் என்பவர், மைதானத்துக்குள் அடிக்கப்பட்ட பந்து ஹிட் ஆவதா அவுட் ஆவதா என்பதில் பிட்சருக்கு மிகக் குறைந்த கட்டுப்பாடுதான் இருக்கிறது என்று எழுதினார். அப்போது பலரும் கோபப்பட்டார்கள். ஆனால் பெட்ரோ மார்ட்டினெஸைப் பாருங்கள். 1999-இல் அவருக்கு எதிரான பேபிப் .320-ஐத் தாண்டியிருந்தது, 2000-இல் .240-க்கும் கீழே. அந்த இரண்டு ஆண்டிலும் அவர்தான் உலகத்தின் தலைசிறந்த பிட்சர். மாறியது பந்து விழுந்த இடம்.

பிட்சர் கையில் உண்மையில் இருப்பவை ஸ்ட்ரைக் அவுட், வாக், ஹோம் ரன். பேட்டர் உடம்பில் பந்து பட்டதையும் சேர்த்து, இவற்றை மட்டும் வைத்து இ.ஆர்.ஏ. போலவே போடும் எண்ணுக்கு ஃபிப் என்று பெயர். இ.ஆர்.ஏ. 5, ஃபிப் 3.4 என்றிருக்கும் பிட்சரை அவசரப்பட்டு விடக் கூடாது. ஸ்ட்ரைக் அவுட் விகிதம் 70 பேட்டர்களிலேயே ஓரளவு தெளிந்துவிடும், மூன்று ஆட்டம் போதும். அப்புறம் பந்தின் வேகம். வழக்கமாக 95 மைலில் எறிபவர் இரண்டு ஆட்டமாக 93-இல் எறிகிறார் என்றால், இ.ஆர்.ஏ. எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் கவலைப்படுவேன். பல நேரம் தோள் வலி, முழங்கை வலி என்ற செய்தி பின்னால் வரும். புதிதாக ஒரு வகைப் பந்தை எறியத் தொடங்கியிருக்கிறார் என்பது அதேபோல நல்ல திசையில் ஒரு உண்மையான மாற்றம்.

எங்கே, யாரோடு, எத்தனை முறை

டென்வர் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரம். காற்று அடர்த்தி குறைவு, பந்து தூரம் போகும். அங்கே கூர்ஸ் ஃபீல்டில் ஒரு வாரம் முழுக்க ஆடியவரின் எண்ணை, சியாட்டிலில் ஆடியவர் எண்ணோடு அப்படியே ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். ஏப்ரல் குளிரில் பந்து குறைவாகப் பறக்கும், ஜூலை வெயிலில் அதிகம் பறக்கும். இடக்கை பேட்டர்கள் சிலரை வலக்கை பிட்சர் எறியும் நாளில் மட்டும்தான் அணி இறக்கும். அவர்களின் சராசரி பளபளப்பாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இவற்றையெல்லாம்விடப் பெரியது வாய்ப்பு. ஏழாவதாக ஆடிக்கொண்டிருந்தவரை முதலாவதாக ஏற்றியிருக்கிறார்களா? காயம்பட்டவர் இடத்தில் தினமும் ஆடப் போகிறாரா? திறமையில் துளி மாற்றம் இல்லாவிட்டாலும் வாரத்துக்கு நாலைந்து வாய்ப்பு கூடினால் ரன், ஸ்டீல் எல்லாம் கூடும்.

இது மிகத் தெளிவாகத் தெரிவது குளோசர்களிடம். குறைந்த ரன் முன்னிலையில் இருக்கும் அணிக்காகக் கடைசி இன்னிங்ஸை முடித்துக்கொடுப்பவர் குளோசர், அதற்கு 'சேவ்' என்று கணக்கில் ஏறும். சேவ் வாங்குவது திறமையைவிடப் பதவியைப் பொறுத்தது. ஒரு அணியின் குளோசர் காயத்தால் விலகினார் என்ற செய்தி வரும் இரவில் 7 நாள் பட்டியலைத் திறக்கவே வேண்டாம். அந்த அணி முன்னிலையில் இருந்த கடைசி சில ஆட்டங்களில் எட்டாவது இன்னிங்ஸை யாரிடம் கொடுத்தார்கள் என்று பாருங்கள். அவருடைய போன வார இ.ஆர்.ஏ. 6 ஆக இருந்தாலும் பரவாயில்லை, மற்ற மேனேஜர்கள் எழுந்திருப்பதற்குள் அவரை எடுத்துவிடுங்கள்.